கரிசல் சபைகளில் ஐயமும் ஆத்தும வழிகாட்டலும்

கிறிஸ்தவச் சபைக்குள் எழும் ஐயங்களையும் ஆத்துமப் போராட்டங்களையும் ஆராய்வதற்கென்று பாஞ்சாலங்குறிச்சியில் ஓர் அவை கூடுவது சிலருக்கு வியப்பாக இருக்கக்கூடும். கட்டபொம்மனின் கோட்டையால் பெயர்பெற்ற ஊருக்கும் இப்பொருளுக்கும் என்ன தொடர்பு என்ற கேள்வியும் நியாயமானதே. 1799இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டு, 1801இல் அவர் தம்பி ஊமைத்துரை திரும்ப எழுப்பிய கோட்டையும் தரைமட்டமாக்கப்பட்ட பின், கும்பினியின் ஆட்சி வேரூன்றிய இதே வானம்பார்த்த சீமையில்தான், அந்த நூற்றாண்டு முடிவதற்குள் புதியம்புத்தூரும் நாகலாபுரமும் ஆங்கிலிக்கன் மிஷனின் நிலையங்களாக வளர்ந்தன. ஆகவே இங்கு ஞானஸ்நானம் பெற்ற குடியானவரை முதலில் உறுத்தக்கூடிய கேள்வி, கடவுள் உண்டா இல்லையா என்பதாக இருந்திருக்க முடியாது. கோட்டையை இடித்தவர்களின் வேதம் தமக்கும் வேதமாகுமா என்பதாகவே இருந்திருக்க வேண்டும். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, எட்டயபுரம் பாளையத்துக்கு உட்பட்ட காமநாயக்கன்பட்டியில், கும்பினியின் துணை ஏதுமின்றிக் கத்தோலிக்கச் சபை ஊன்றியிருந்தது என்பதையும் உடன் வைத்து நோக்கினால்தான் அக்கேள்வியின் முழு உருவம் தெரியவரும்.

ஐயம் என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு நிலைகள் அடங்கியிருக்கின்றன என்பதும், அவற்றை ஒன்றோடொன்று குழப்பியதே வழிகாட்டிகளின் பெரும்பிழை என்பதும் இவ்வுரையின் நிலைப்பாடு. போதனையின் உண்மையை அறிவு கேள்விக்குள்ளாக்குவது ஒன்று. இது கோட்பாட்டு ஐயம். போதனையை மறுக்காமலே, செபத்தில் சுவையும் கடவுளின் அண்மையும் அற்றுப்போனதாக மனம் உணர்வது மற்றொன்று; ஆன்மிக நூல்கள் இதனை ஆத்தும வறட்சி என்கின்றன. கடவுள்மீது ஐயமின்றி, அவர் பெயரால் நடக்கும் சபையின் நேர்மைமீது மட்டும் நம்பிக்கை தளர்வது மூன்றாவது. இதனைச் சபைமீதான ஐயம் எனலாம். முதலாவதற்கு விளக்கமும், இரண்டாவதற்கு உடனிருப்பும், மூன்றாவதற்குச் சபையின் திருத்தமும் வேண்டப்பட, எல்லாவற்றுக்கும் பிரசங்கத்தையே மருந்தாகக் கொடுத்த வழக்கம் நெடுங்காலம் நிலவியது. இன்றும் அது முற்றிலும் ஒழிந்ததாகக் கூறுவதற்கில்லை.

காமநாயக்கன்பட்டியில் பணியாற்றிய வீரமாமுனிவரிடத்தில் இவ்வேறுபாடு தெளிவாகப் புலப்படுகிறது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குவின் லுத்தரன் மிஷன் அச்சுக்கூடத்தின் துணையுடன் பரவிய காலத்தில், தம் மக்கள் கலங்காதிருக்க அவர் 1728இல் ‘வேத விளக்கம்’ எழுதினார்; அது கோட்பாட்டு ஐயத்துக்கு விடை கூறும் வாத நூல். அதற்கு ஓராண்டு முந்திய ‘வேதியர் ஒழுக்க’மோ வேறு இயல்பினது. வேதியர் என்றது இங்கே அந்தணரை அன்று. குருவானவர் எட்டிப்பார்க்க இயலாத ஊர்களில் செபம் நடத்தி, நோயாளியைக் கண்டு, சாவுக்குத் துணைநின்ற உள்ளூர் உபதேசியாரை. பிறர்க்கு வழிகாட்டுபவர் முதலில் தாம் எவ்வாறு இருக்க வேண்டும் என்பதே அந்நூலின் பொருள். இரண்டையும் எழுதியவர் ஒருவரே எனினும், வாத நூலின் சூடு அதன் எதிராளியோடு தணிந்துவிட, உபதேசியாரின் ஒழுக்கத்தைப் பற்றிய நூலே இன்றைய தேவைக்கு நெருக்கமாக நிற்கிறது.

அவர் சார்ந்த இயேசு சபையின் நிறுவனர் இஞ்ஞாசியார், 1548இல் அச்சான தம் ஆன்மிகப் பயிற்சி நூலில், வறட்சியின் காலத்தில் எவரும் முன்பு செய்த நல்ல தீர்மானத்தை மாற்றலாகாது என்று ஒரு விதி வகுத்திருக்கிறார். வறட்சியைப் பாவத்தின் தண்டனை என்று மட்டும் கொள்ளாமல், அது வேறு காரணங்களாலும் வரும் என்றும், நிலையாக இராது என்றும் அவர் கருதியதே இவ்விதியின் அடிப்படை. விசுவாசம் குறைந்ததால்தான் துயரம் வந்தது என்று நோயாளியின் படுக்கையருகே நின்று அறிவிக்கும் இக்காலப் போதகர் சிலர் இதனை ஒருமுறையேனும் படித்துப் பார்க்கலாம்.

சபைமீதான ஐயத்தைக் கோட்பாட்டு ஐயமாகப் பிறழ உணர்ந்ததற்குத் திருநெல்வேலி வரலாறு தரும் சான்றுகள் வலுவானவை. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்து சி.எம்.எஸ். என்னும் ஆங்கிலிக்கன் மிஷனைக் கட்டியெழுப்பிய இரேனியஸ், இங்கிலாந்துத் திருச்சபையின் ஒழுங்குகளை விமர்சித்ததாலும், உபதேசிமாருக்குக் குருப்பட்டம் அளிக்கும் உரிமை பற்றிய பிணக்காலும் 1835இல் பணியிலிருந்து நீக்கப்பட்டார். உபதேசிமார் பலர் அவரைத் திரும்ப அழைத்துக்கொள்ள, 1838இல் அவர் இறக்கும்வரை திருநெல்வேலிச் சபைகள் இரு பக்கமாகப் பிளந்து நின்றன. பேராயர் கைவைத்த பட்டமா, மிஷனெரி கைவைத்த பட்டமா என்ற வழக்கு நிலத்தை உழுதுகொண்டிருந்த விசுவாசிக்கு எட்டாததாயினும், தம் ஊர்க் கோயிலில் யார் ஜெபம் நடத்துவது என்பது அவருக்கு நன்றாகவே எட்டியது. 1857இல் நாசரேத் வட்டாரத்தில் சட்டாம்பிள்ளை என்னும் அருமைநாயகம் தனிச் சபை கண்டதற்கும் மிஷனெரிமாரின் அதிகாரமும், மிஷனெரி கால்டுவெல் 1849இல் அவருடைய சாதியினரான சாணார்களைப் பற்றி எழுதிய நூல் புண்படுத்திய தன்மதிப்புமே பெருங்காரணங்கள். அவர் கிறிஸ்துவை விட்டு விலகவில்லை. வெள்ளையர் தலைமையை விட்டு விலகி, பழைய ஏற்பாட்டின் வழிபாட்டு முறைகளைத் தழுவினார். அவரைப் பின்மாற்றக்காரர் என்று தள்ளியவர்கள் ஒரு கேள்வியைக் கேட்கத் தவறிவிட்டனர்: அவருடைய குறை உண்மையா, அன்றா?

1876 முதல் 1878 வரை நீடித்த தாதுவருஷப் பஞ்சமும் அதன் பின்விளைவும் வேறொரு வகைச் சிக்கலைக் கொணர்ந்தன. மற்றோர் ஆங்கிலிக்கன் மிஷனான எஸ்.பி.ஜி.யின் பகுதியில் மட்டும் பல்லாயிரவர் அப்போது ஞானோபதேசத்துக்குத் தம்மை ஒப்புக்கொடுத்தனர். வந்தவர்கள் கஞ்சிக்காக வந்தார்களா, கடவுளுக்காக வந்தார்களா என்ற ஐயம் அன்று வெளியாருக்கு மட்டுமன்று, சபைக்குள்ளும் இருந்தது. மழை பெய்த பின் சிலர் திரும்பிப் போயினர், பலர் தங்கினர். தங்கியவரின் பேரப்பிள்ளைகள்கூட ‘அரிசிக் கிறிஸ்தவர்’ என்ற ஏச்சைச் சுமக்க நேர்ந்தபோது, புறத்திலிருந்து வந்த ஏளனம் அகத்தின் ஐயமாக உருமாறியது. பசித்தவருக்கு உணவளித்த கையை நம்பியது தாழ்ந்த நோக்கம் என்று யார் தீர்ப்பது என்பதை அக்காலப் பிரசங்கங்கள் போதிய அளவு ஆராய்ந்ததாகத் தெரியவில்லை.

ஐயத்தைக் குற்றமாகக் கொள்ளாமல் பயணத்தின் ஒரு கட்டமாகக் கொண்ட தமிழ் நூல் இதே வட்டாரத்தோடு தொடர்புடையது. கரையிருப்பில் 1827இல் வைணவக் குடும்பத்தில் பிறந்த எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை, 1853இல் சாயர்புரத்தில் தமிழாசிரியராக அமர்ந்து, ஐந்தாண்டு கழித்து 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். இடைப்பட்ட ஆண்டுகளில் மிஷன் பள்ளியிலேயே பணியாற்றியும் அவர் மனம் விரைந்து துணிந்துவிடவில்லை என்பது கவனிக்கத்தக்கது. 1894இல் வெளிவந்த அவரது ‘இரட்சணிய யாத்திரிகம்’, ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட மோட்சப் பிரயாணக் கதையைத் தழுவிய காப்பியம்.

பனியன் கதையில் யாத்திரிகர் புறப்பட்ட சிறிது நேரத்திலேயே நம்பிக்கையிழப்பு என்னும் உளையில் விழுகிறார். ஐப்பசி மழைக்குப் பின் கரிசற்காட்டில் கால்வைத்து, ஒவ்வோர் அடிக்கும் மண் அப்பிப் பாதம் கனத்துப்போகக் கண்டவர்க்கு அவ்வுளைக்கு உரை வேண்டியதில்லை. அங்கே படிக்கற்கள் இல்லாமலில்லை. சேறு மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. பின்னொரு கட்டத்தில் யாத்திரிகரும் அவர் தோழரும் கரடான வழி சலித்து, மெத்தென்ற புல்வெளிப் பாதையில் இறங்கி, இரவு மழையில் சிக்கி, ஐயக் கோட்டையில் அவநம்பிக்கை என்னும் அரக்கனிடம் அகப்படுகின்றனர். அவன் அவர்களை அடிப்பதோடு நில்லாமல், தற்கொலை செய்துகொள்ளுமாறு யோசனையும் கூறுகிறான். சனிக்கிழமை நள்ளிரவு தொடங்கி விடியுமட்டும் செபித்த பிறகே, வாக்குத்தத்தம் என்ற சாவி தம் மடியிலேயே இருப்பது யாத்திரிகருக்கு நினைவு வருகிறது. வெளிவாயிலின் பூட்டோ அச்சாவிக்கும் எளிதில் திறக்கவில்லை. அரக்கனை எவரும் அங்கே வாதத்தால் வெல்லவில்லை என்பதும், கோட்டைக்குள் யாத்திரிகர் தனியாக இல்லை, தோழர் ஒருவர் உடனிருந்தார் என்பதும் வழிகாட்டலைப் பற்றி எழுதுவோர் அழுத்திச் சொல்ல வேண்டியவை. இன்று தற்கொலை எண்ணம் வரை தளர்ந்தவருக்குச் செபத்தோடு மனநல மருத்துவரும் வேண்டும் என்பதில் ஆயர்களுக்குத் தயக்கம் இருக்கலாகாது.

இக்காலத்துக் கரிசல் சபைகளில் மேலோங்கி நிற்பது மூன்றாம் வகை ஐயமே. திருமண்டலத் தேர்தல்கள் வழக்குகளாகி உயர்நீதிமன்றம் செல்வதையும், கல்லறைத் தோட்டத்திலும் சாதி எல்லை பார்க்கப்படுவதையும் காணும் இளைஞர், பெந்தெகொஸ்தே ஜெபவீட்டுக்கு மாறுகின்றனர். அல்லது அசனப் பண்டிகைக்கு மட்டும் ஊர் வந்து போகின்றனர். ஆகஸ்டு 15ஆம் நாள் காமநாயக்கன்பட்டிப் பரலோக மாதா திருவிழாவில் திரளும் கூட்டத்திலும் ஆண்டு முழுவதும் பூசை காணாதவர் உண்டு. இவர்களை விசுவாசமற்றோர் கணக்கில் எழுதுவது எளிது. தோமாவுக்குக் காயத்தைக் காட்டிய ஆண்டவர் அவர் கேள்வியைத் தட்டிக்கழிக்கவில்லை. சபையோ தன் கணக்குப் புத்தகத்தைக் காட்டவும் தயங்குகிறது.

இக்கருத்தரங்கின் கட்டுரையாளர்கள் அச்சிட்ட மிஷன் அறிக்கைகளோடு நின்றுவிடாமல், சேகரங்களில் எஞ்சியுள்ள ஞானஸ்நானப் பதிவேடுகளையும் உபதேசிமாரின் நாட்குறிப்புகளையும் நாடுதல் வேண்டும். பஞ்சத்தின்போது சேர்ந்து பின்னர் விலகியவர் யார், அவர்களில் திரும்பி வந்தவர் யார், அவர்கள் வீட்டு வாசலுக்கு யார் போனார் என்பன ஊர்தோறும் கண்டறியப்பட வேண்டிய செய்திகள். முதல் அமர்வு அவற்றிலிருந்தே தொடங்கலாம்.