மருந்தடித்த கைகளுக்குச் சட்டம் என்ன தருகிறது?



கோலா கங்சார் மாவட்ட அலுவலகத்தின் அருகே ஒரு பழைய பால்மரம் நிற்கிறது. 1877ல் நடப்பட்ட கன்றுகளில் எஞ்சிய மரம் அது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அதன் முன் நின்று படம் பிடித்துக் கொள்கிறார்கள். மரத்திற்குப் பெயர்ப்பலகை உண்டு. அந்த மரத்தின் பின்னால் எழுந்த தோட்டங்களில் ஆயுள் முழுவதும் புல்லுக்கு மருந்தடித்த பெண்களுக்கு என்ன உண்டு? அதுதான் இன்றைய பேச்சு.

பெரட்டு முடிந்ததும் முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு நிரை நிரையாக நடப்பது மருந்தடிக்கும் வேலை. தோட்டங்களில் இதைப் பெரும்பாலும் பெண்களே செய்தார்கள். முன்பு சோடியம் ஆர்சனைட் என்ற நஞ்சு. 1960களிலிருந்து பாராகுவாட். 'கிராமக்சோன்' என்றால் தோட்டத்தில் சிறு பிள்ளைக்கும் தெரியும். பம்பு கசிந்து முதுகு நனையும். காற்று திரும்பினால் முகத்தில் படும். நகம் கறுத்து விழும், மூக்கில் இரத்தம் வரும், கண் எரியும். டிரஸ்ஸர் கொடுத்தது பெரும்பாலும் களிம்பும் இரண்டு மாத்திரையும்தான். எந்த மருந்து பட்டது என்று எழுதி வைத்தவர்கள் குறைவு.

தடைக்கு நடந்த போராட்டம் நீண்டது. சுவீடன் 1983லேயே பாராகுவாட்டைத் தடை செய்தது. இங்கே, ஐரீன் பெர்னாண்டஸ் தலைமையிலான தெனாகானித்தா அமைப்பு தோட்டம் தோட்டமாகச் சென்று பெண்களின் வாக்குமூலங்களைத் திரட்டியது. 2002ல் அரசாங்கம் தடையை அறிவித்தது. 2006ல் அது தளர்த்தப்பட்டது. கடைசியில் 2020 ஜனவரி 1ஆம் தேதிதான் முழுத்தடை வந்தது. ஐரீன் 2014லேயே மறைந்துவிட்டார்.

நோய் தடையைக் கேட்டு நிற்காது

மருந்து நின்றுவிட்டது. நோய் நிற்கவில்லை. ஆகவே அடுத்த கேள்வி இழப்பீடு.

தனியார் தோட்டத் தொழிலாளிக்கு முதல் கதவு சொக்சோ. 1969ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம், விபத்துக்கு மட்டுமல்ல, தொழில் சார்ந்த நோய்க்கும் பணம் தருகிறது. அதன் ஐந்தாவது அட்டவணையில் எந்த வேலைக்கு எந்த நோய் என்று பட்டியல் உண்டு. வேலையை விட்ட 60 மாதத்திற்குள் அந்த நோய் வந்தால், அது வேலையால் வந்ததாகவே சட்டம் கருதும். பட்டியலில் இல்லாத நோய் என்றால் வேலையால் வந்தது என்று தொழிலாளிதான் நிரூபிக்க வேண்டும். மருத்துவ வாரியம் மறுத்தால் மேல்முறையீட்டு வாரியம் உண்டு. அதற்கும் காலக்கெடு உண்டு. மறுப்புக் கடிதத்தை அலமாரியில் வைத்துவிட்டு ஆறு மாதம் கழித்து வழக்கறிஞரைத் தேடுவதில் பயனில்லை.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும. சொக்சோ சந்தாதாரர் வேலையால் வந்த நோய்க்காக முதலாளி மீது தனியாக நஷ்டஈடு வழக்குப் போட முடியாது. 31ஆவது பிரிவு அதைத் தடுக்கிறது. எனவே சொக்சோ மனுவில் கவனக்குறைவாக இருந்தால் வேறு வழி இல்லாமல் போகலாம். மருந்தைத் தயாரித்த நிறுவனம் வேறு. அமெரிக்காவில், பாராகுவாட்டால் பார்கின்சன் எனும் நடுக்கவாத நோய் வந்தது என்று தொடுத்த வழக்குகள் 2021ல் இல்லினாய் கூட்டரசு நீதிமன்றத்தில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டன. அவற்றின் எண்ணிக்கை பிறகு ஆயிரங்களைத் தாண்டியது.

தண்டவாளத்தில் உழைத்தவர்களுக்கும் இதே கேள்விதான். நீராவி இஞ்சின்களின் ஆஸ்பெஸ்டாஸ், சிலீப்பர் கட்டைகளில் பூசிய கிரியோசோட், டீசல் புகை, எல்லாம் நுரையீரலுக்குப் பகை. அமெரிக்க இரயில்வே தொழிலாளிக்கு 1908ஆம் ஆண்டின் சட்டம் முதலாளி மீது வழக்குப் போட வழி தருகிறது. இங்கே மலாயன் இரயில்வே 1992 ஆகஸ்டில் நிறுவனமாகும் வரை அரசு இலாகா. நிரந்தர அரசு ஊழியர் சொக்சோவுக்குள் வருவதில்லை. ஆகவே ஒரு பழைய கேங் தொழிலாளி முதலில் பார்க்க வேண்டியது, எந்த ஆண்டில் யாரிடம் சம்பளம் வாங்கினார் என்பதைத்தான்.

காகிதம்தான் சாட்சி

புக்கிட் மேராவை நினைத்துப் பாருங்கள். 1985ல் எட்டுக் குடியிருப்பாளர்கள் ஏசியன் ரேர் எர்த் தொழிற்சாலை மீது ஈப்போ உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். 1992ல் வென்றார்கள். 1993 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. ஆனாலும் மறு ஆண்டே தொழிற்சாலை மூடப்பட்டது. அத்தனை ஆண்டும் வழக்கைத் தாங்கி நின்றவை மருத்துவர்களின் சாட்சியமும் பரிசோதனை முடிவுகளும்.

சட்டம் காகிதத்தைக் கேட்கிறது. 2000ஆம் ஆண்டின் இரசாயன விதிமுறைகளின்படி, ஆபத்தான இரசாயனத்தைக் கையாளும் தொழிலாளியின் உடல்நலக் கண்காணிப்புப் பதிவை முதலாளி 30 ஆண்டு காக்க வேண்டும். தொழில்சார் நோயைக் கண்டறியும் மருத்துவர் ஏழு நாளில் வேலையிடப் பாதுகாப்பு சுகாதார இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2004ஆம் ஆண்டின் விதி. ஆனால் தோட்டம் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதியாகிவிட்டால், கிராணி அலுவலகத்து அலமாரியை எங்கே தேடுவது?

அதனால் வேலை வீட்டிலேயே தொடங்க வேண்டும். பழைய சம்பளச் சீட்டு, இபிஎப் அறிக்கை, கிளினிக் புத்தகம் ஆகியவற்றைத் தூக்கி எறியக்கூடாது. எந்த ஆண்டில், எந்தத் தோட்டத்தில், எந்த மருந்து, எந்த மண்டோர், கூட நடந்தவர்கள் யார் என்பதை ஒரு நோட்டில் எழுதுங்கள். அம்மாவுக்கு எழுத வராவிட்டால் பிள்ளைகள் கேட்டு எழுதலாம். மருத்துவரிடம் போகும்போது "மூச்சு வாங்குகிறது" என்பதோடு நிறுத்தாமல், "இருபது வருஷம் மருந்தடித்தேன்" என்றும் சொல்ல வேண்டும். அந்த ஒரு வரி மருத்துவப் பதிவில் ஏறிவிட்டால் மனுவுக்கு அது பெரிய பலம். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்கள், வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தை ஈப்போவில் அணுகலாம். தொழிற்சங்கத்தையும் விட்டுவிட வேண்டாம்.

இன்று அதே பம்பை இந்தோனேசியரும் வங்காளதேசிகளும் சுமக்கிறார்கள். 2019 முதல் அந்நியத் தொழிலாளர்களும் சொக்சோவின் வேலையிட விபத்து, நோய்த் திட்டத்தில் சேர்க்கப்பட்டுள்ளனர். பாராகுவாட் போனாலும் வேறு மருந்துகள் உண்டு. அவர்களுக்கும் இந்த விவரத்தைச் சொல்வது பக்கத்தில் வேலை செய்கிறவர்களின் கடமை.

மருந்தடித்த பெண்களில் பலர் இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார்கள். அவர்கள் நினைவில் உள்ளதுதான் பல தோட்டங்களுக்கு எஞ்சியிருக்கும் ஒரே பதிவேடு. இந்த வாரமே உட்கார்ந்து கேட்டு எழுதிவிடுங்கள்.