முதலில் எதைக் கட்டுவது?

(எளாவூரில் நடந்த குறுவள மைய ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கைப்பேசி விளையாட்டைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் சிலர் சிரித்தீர்கள். நானும் ஒரு காலத்தில் அதைப் பிடுங்கி மேசை அறையில் பூட்டி வைத்தவள்தான். எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனிடம் "இதில் அப்படி என்னடா இருக்கிறது?" என்று கோபமாகக் கேட்டேன். அவன் பயப்படாமல் பதில் சொன்னான். ஆடியது 'கிளாஷ் ஆஃப் கிளான்ஸ்'. "கட்டுற ஆளு முதல்ல ரெண்டு பேருதான் மிஸ். ஒவ்வொரு கட்டடத்துக்கும் நேரம் ஆகும். டவுன் ஹாலை அவசரப்பட்டு ஏத்திடக் கூடாது. சுரங்கம், சுவர் எல்லாம் ஏத்திட்டுத்தான் அதைத் தொடணும். இல்லன்னா பெரிய ஆளுங்க வந்து அடிச்சிடுவாங்க."

வரவு, செலவு, காத்திருப்பு, வரிசை. நான் ஒரு வாரமாகக் கரும்பலகையில் நடத்திப் புரியவைக்க முடியாததை அவன் ஒரு மூச்சில் சொல்லிவிட்டான்.

நகரம் கட்டும் விளையாட்டுகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான். 1989இல் வந்த 'சிம்சிட்டி', 1991இல் வந்த 'சிவிலைசேஷன்', 1997இல் வந்த 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' எதை எடுத்தாலும், ஒரு கட்டடத்தின் பெறுமதி அதன் விலையில் மட்டும் இல்லை. அதைக் கட்டி முடித்தபின் ஆட்டத்தில் இன்னும் எவ்வளவு நேரம் பாக்கி இருக்கிறது என்பதிலும் இருக்கிறது. மாதம் 100 ரூபாய் தரும் பொருளை 500 ரூபாய்க்கு வாங்கினால், மீதி மூன்று மாதம்தான் என்றால் நஷ்டம், மூன்று வருடம் என்றால் லாபம்.

இதைக் கைப்பேசி இல்லாமல் வகுப்பில் ஆட ஒரு அட்டை தயாரித்தேன். காசுக்குப் பதில் கிளிஞ்சல், கட்டடத்துக்குத் தீப்பெட்டி. ஒவ்வொரு குழுவுக்கும் ஏரிக்கரையில் ஒரு குப்பம். கையில் 4 கிளிஞ்சல், சுற்றுக்கு 2 வரவு. ஒரு சுற்றில் ஒரே ஒரு கட்டடம்தான் கட்டலாம். மீன் காயவைக்கும் களத்துக்கு விலை 4. அடுத்த சுற்றிலிருந்தே சுற்றுக்கு 1 தரும். ஒரு குப்பத்தில் 5 களத்துக்குத்தான் இடம். பள்ளிக்கூடத்துக்கு விலை 12. ஐந்து சுற்றுக்கு ஒன்றும் தராது, பிறகு சுற்றுக்கு 5 தரும். கடைசியில் கையில் அதிகம் வைத்திருப்பவர் ஜெயித்தவர்.

ஏரிக்கரைப் பிள்ளைகளுக்கு "உன் முறை, என் முறை" என்று விளக்கவே வேண்டியிருக்கவில்லை. பழவேற்காடு ஏரியில் மீன்பிடி இடங்களைக் குலுக்கிப் போட்டு, முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் பாடு முறை அவர்கள் வீட்டில் புழங்குவது. "இப்போ எங்க பாடு" என்று சொல்லிக்கொண்டுதான் கிளிஞ்சலை எடுத்தார்கள்.

"எதிரி இல்லையா மிஸ்?" என்று ஒருத்தி கேட்டாள். அட்டையில் இல்லை, ஊரில் இருந்தார்கள் என்று பழவேற்காட்டுக் கதையைச் சொன்னேன். டச்சுக்காரர்கள் 1610இல் அங்கே முதலில் கட்டியது பண்டகசாலை. துணி வியாபாரம்தானே நோக்கம்! 1612இல் சாந்தோமிலிருந்து போர்ச்சுகீசியர் வந்து அதை அழித்தார்கள். அதற்குப் பிறகுதான், 1613இல், கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்குப் போகும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு அதுதான் தலைமையிடம். "சுவரை முதல்ல கட்டியிருக்கணும்" என்றது ஒரு குழு. "சுவர் மட்டும் கட்டினா துணி வாங்கக் காசு ஏது?" என்றது இன்னொரு குழு. சமூக அறிவியல் ஆசிரியர் அன்று விடுப்பு, இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

இனி நான் செய்த தவறுக்கு வருகிறேன்.

ஒரு பாடவேளையில் 12 சுற்றுக்கு மேல் ஆட முடியவில்லை. அதனால் ஆட்டம் 12 சுற்று என்று அறிவித்துவிட்டேன். பெண்கள் குழு ஒன்று, நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பதாலோ என்னவோ, முதல் மூன்று சுற்றும் சேர்த்து வைத்து நான்காவது சுற்றில் பள்ளிக்கூடம் கட்டியது. கடைசியில் அவர்கள் கையில் 32 கிளிஞ்சல். அந்த மாணவன் முதல் ஐந்து சுற்றில் ஐந்து களம் வைத்தான், பள்ளிக்கூடத்தைத் தொடவே இல்லை. அவனிடம் 53.

"ஏன் கட்டவில்லை?" என்றேன். "12 ரவுண்டுதானே மிஸ். ஸ்கூல் கட்டினா போட்டது திரும்பி வராது."

அவன் திங்கட்கிழமைகளில் பெரும்பாலும் வரமாட்டான். அப்பாவோடு வலைக்குப் போவான். படித்த அண்ணன்களும் கடைசியில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஒப்பந்த வேலைக்குத்தானே போகிறார்கள் என்று அவன் அப்பா என்னிடமே கேட்டிருக்கிறார். அவர் சொன்னதற்கு நான் கணக்குப் போட்டு நிரூபணம் கொடுத்துவிட்டேன். அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை.

மறுநாள் அதையே கணக்காக்கினேன். 12 கிளிஞ்சலுக்கு மூன்று களம் அல்லது ஒரு பள்ளிக்கூடம். மீதிச் சுற்று 'ந' என்றால், களம் தருவது 3ந, பள்ளிக்கூடம் தருவது 5(ந–5). இரண்டும் சமமாவது எப்போது? ந = 12.5. அதாவது 13 சுற்றாவது மிச்சம் இருந்தால்தான் பள்ளிக்கூடம் மேல். 12 சுற்று ஆட்டத்தில் அது எப்படியும் தோற்கும். தோற்கடித்தது பள்ளிக்கூடம் அல்ல, என் பாடவேளை மணி.

இரண்டு பாடவேளை சேர்த்து 24 சுற்று ஆடினோம். களம் மட்டும் வைத்த குழுவுக்கு 137. முதலில் பள்ளிக்கூடம் கட்டிய குழுவுக்கு 171. அந்த மாணவன் இந்த முறையும் ஐந்து களத்தை முதலில் வைத்தான். ஆறாவது சுற்றில் சேமித்து, ஏழாவது சுற்றில் பள்ளிக்கூடம் கட்டினான். 185. பள்ளிக்கூடமே முதல் என்று நான் எதிர்பார்த்திருந்தேன்; அதுவும் சரியில்லை. கையில் வரவு இல்லாதவன் காத்திருக்க முடியாது என்பதை அவன் எனக்குக் காட்டினான். இதை அவன் அப்பாவின் பக்கத்து நியாயமாகவும் பார்க்கிறேன்.

பரிசாகப் பேனா கொடுத்தேன். வாங்கிக்கொண்டு கேட்டான்: "நிஜத்துல எத்தனை ரவுண்டுன்னு யாருக்கு மிஸ் தெரியும்?"

என்னிடம் பதில் இல்லை. அவனே ஒரு வழி சொன்னான்: 12 முதல் 30 வரை எண் எழுதிய சீட்டுகளை டப்பாவில் போட்டு, ஒன்றை எடுத்து யாரும் பார்க்காமல் மூடி வைப்பது; அந்தச் சுற்றில் ஆட்டம் நிற்கும். இப்போது அப்படித்தான் ஆடுகிறோம். ஐந்து களம் வைக்கும் வரை காத்திராமல், மூன்று வைத்ததும் பள்ளிக்கூடத்துக்குச் சேர்க்கத் தொடங்கும் குழுக்கள் வந்திருக்கின்றன. சீட்டில் 13 வந்த அன்று அவர்கள் அழாத குறை.

அவன் திங்கட்கிழமைகளில் இன்னும் சில நாள் வருவதில்லை. செவ்வாய்க்கிழமை வந்ததும் விட்டுப்போன கணக்கைக் கேட்டு வாங்கிக்கொள்கிறான்.

ஐந்தாம் வகுப்புக்குச் சமன்பாடு வேண்டாம், பட்டியல் போட்டாலே போதும். அட்டையும் தீப்பெட்டிகளும் அந்த மேசைமேல் இருக்கின்றன. தேநீர் இடைவேளையில் ஆடிப் பாருங்கள். 12 சுற்றுக்குத்தான் நேரம் இருக்கும், மன்னிக்கவும்.