ஏரியில் உலவும் ஆவி யாருடையது?
ஜார்ஜியாவின் பேரழிவுகளும் பேய்க்கதைகளும்



நினைவுச் சொற்பொழிவில் பேய்க்கதைக்கு என்ன வேலை என்று சிலருக்குத் தோன்றலாம். வழக்கும் இல்லாமல், கல்லறையும் இல்லாமல், பதிவேட்டில் பெயரும் ஏறாமல் போன சாவுகள் பெரும்பாலும் கதைகளாகவே தங்குகின்றன. கொலையுண்டவர்கள் சாமியாகி ஊர் எல்லையில் நிற்பதை நாம் அறிவோம். இன்று நான் அமெரிக்காவின் தென்மாநிலமான ஜார்ஜியாவுக்கு உங்களை அழைத்துச் செல்கிறேன். அங்கே ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்ப்போம்: பேய்க்கதையை யார் சொல்கிறார்கள், எதற்காகச் சொல்கிறார்கள்?

1803ஆம் ஆண்டு மே மாதம். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட சுமார் 75 இக்போ மக்கள் சவன்னாவில் விற்கப்பட்டு, செயின்ட் சைமன்ஸ் தீவுக்குச் சிறு கப்பலில் கொண்டுசெல்லப்பட்டார்கள். வழியில் அவர்கள் கிளர்ந்தெழுந்து கப்பலைத் தம் வசமாக்கினார்கள். டன்பார் ஓடைக் கரையில் இறங்கியதும், அடிமையாக வாழ மறுத்து நீருக்குள் நடந்தார்கள். எத்தனை பேர் மூழ்கினார்கள் என்பதில் கணக்குகள் வேறுபடுகின்றன. அடிமை வணிகம் செய்தவர்களின் கடிதத்தில் அது சரக்கு இழப்பு. அத்தீவின் கறுப்பின மக்களுக்கோ அவர்கள் சாகவில்லை; பறந்து ஆப்பிரிக்காவுக்கே திரும்பிவிட்டார்கள். இரவில் ஓடைப் பக்கம் சங்கிலிச் சத்தம் கேட்கும் என்றும் சொல்வார்கள். இப்படிப்பட்ட வாய்மொழிகள் தொகுக்கப்பட்டு 1940இல் 'டிரம்ஸ் அண்ட் ஷாடோஸ்' என்ற நூலாக வந்தன. டோனி மாரிசன் 1977இல் எழுதிய 'சாங் ஆஃப் சாலமன்' நாவலின் உயிர்நாடியும் பறந்துபோன அந்த மூதாதையர்தான். இங்கே கதை என்பது பேரர்கள் கையில் இருக்கும் ஆவணம். எழுதப் படிக்கத் தடைசெய்யப்பட்ட மக்கள் வேறு எதில் எழுதி வைப்பார்கள்?

1859 மார்ச் 2, 3 தேதிகளில் சவன்னாவின் குதிரைப் பந்தயத் திடலில் பியர்ஸ் பட்லர் என்ற பண்ணையார் தன் கடனை அடைக்க 400க்கும் மேற்பட்ட ஆண்களையும் பெண்களையும் குழந்தைகளையும் ஏலம் விட்டார். இரண்டு நாளும் மழை. வானமே அழுதது என்று மக்கள் சொன்னார்கள். 'அழுகையின் காலம்' என்பதே அந்த ஏலத்தின் பெயராகிவிட்டது.

1893 ஆகஸ்ட் இறுதியில் பெரும்புயல் ஒன்று ஜார்ஜியா, தென் கரோலினா கடல்தீவுகளைத் தாக்கியது. சுமார் 2,000 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர், விடுதலையான அடிமைகளும் அவர்களின் பிள்ளைகளும். புயலுக்கு நிறம் தெரியாது. ஆனால் தாழ்வான தீவில், பலவீனமான வீட்டில் யார் குடியிருக்க நேர்ந்தது என்பது நிறத்தால் முடிவானது. நம் சேரிகள் எங்கே இருக்கின்றன, வெள்ளம் முதலில் எங்கே நுழைகிறது என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனி, இன்று உலகெங்கும் பரவியிருக்கும் பேய்க்கதைக்கு வருகிறேன். அட்லாண்டாவுக்கு வடக்கே லேனியர் ஏரி. சட்டஹூச்சி ஆற்றில் பியூஃபோர்ட் அணை கட்டி 1956இல் உருவாக்கத் தொடங்கிய நீர்த்தேக்கம். அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட கூட்டமைப்புப் படையில் இருந்த சிட்னி லேனியர் என்ற கவிஞரின் பெயர் அதற்கு. அங்கே பல நூறு பேர் மூழ்கியும் படகு விபத்திலும் இறந்திருக்கிறார்கள். நீல உடைப் பெண்ணின் ஆவி உலவுகிறது என்பார்கள். ஏரிக்கடியில் மூழ்கடிக்கப்பட்ட கறுப்பர் ஊர் பழிவாங்குகிறது என்பார்கள்.

இந்தக் கடைசிக் கதையைக் கவனமாகப் பாருங்கள். அதில் ஓர் உண்மை இருக்கிறது, ஒரு மறைப்பும் இருக்கிறது. ஏரியின் ஒரு கரை ஃபோர்சைத் கவுண்டி. 1912 செப்டம்பரில் வெள்ளையினப் பெண் ஒருவர் தாக்கப்பட்டதைச் சாக்காக வைத்து, ராப் எட்வர்ட்ஸ் என்ற கறுப்பரைக் கும்பல் அடித்துக் கொன்றது. அக்டோபரில் எர்னஸ்ட் நாக்ஸ், ஆஸ்கர் டேனியல் என்ற இரு இளைஞர்கள், அவசர விசாரணைக்குப் பின் ஆயிரக்கணக்கானோர் வேடிக்கை பார்க்கத் தூக்கிலிடப்பட்டார்கள். இரவுகளில் குதிரையில் வந்தவர்கள் துப்பாக்கியாலும் தீயாலும் அந்தக் கவுண்டியின் சுமார் 1,100 கறுப்பின மக்களையும் சில மாதங்களில் விரட்டினார்கள். சிலர் வந்த விலைக்கு நிலத்தை விற்றார்கள். விற்கக்கூட முடியாதவர்களின் நிலம், வரி கட்டி அனுபவித்த அண்டை வீட்டு வெள்ளையர் பேருக்குப் போனது.

அணை கட்டுவதற்குச் சுமார் 40 ஆண்டுகளுக்கு முன்பே அந்த மக்கள் அங்கே இல்லை. அவர்களை விரட்டியது தண்ணீர் அல்ல, பக்கத்து வீட்டுக்காரர்கள். ஏரிக்காக அரசு நிலம் வாங்கியபோது, பத்திரத்தில் பெயர் இருந்தவர்களுக்கே பணம் போனது. பேய்க்கதை குற்றவாளியை ஏரிக்குள் ஒளித்து வைக்கிறது. ஏரியைக் கண்டு பயந்தவர்கள் பத்திரப்பதிவு அலுவலகத்துக்குப் போவதில்லை. பஞ்சமி நிலத்துக்காகத் தாலுகா அலுவலகப் படிக்கட்டுகளில் ஏறி இறங்கிய தோழர்களுக்கு, அங்கேதான் உண்மையான ஆவிகள் இருக்கின்றன என்று தெரியும்.

1987 ஜனவரியில் ஹோசியா வில்லியம்ஸ் தலைமையில் ஃபோர்சைத்துக்குள் சென்ற சிறு ஊர்வலத்தின்மீது கற்களும் பாட்டில்களும் விழுந்தன. அடுத்த வாரமே சுமார் 20,000 பேர் அங்கே நடந்தார்கள். பேய்க்கு அஞ்சாமல் ஊருக்குள் நுழைவது என்பது இதுதான்.

சமூகவியல் மாணவர்களுக்கு ஒரு சொல். அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் கற்பித்த டபிள்யூ. இ. பி. டு போய்ஸ், 1899இல் சாம் ஹோஸ் என்ற கறுப்பரைக் கும்பல் எரித்துக் கொன்று, அவரது விரல் முட்டிகளை ஒரு கடையில் காட்சிக்கு வைத்திருந்ததை அறிந்தார். ஒதுங்கி நின்று புள்ளிவிவரம் மட்டும் சேர்க்கும் அறிவியலாளராக இனி இருக்க முடியாது என்று அன்று அவருக்குத் தோன்றியது. அவர் ஆய்வைக் கைவிடவில்லை. அதைப் போராட்டத்தோடு சேர்த்தார். அந்த டு போய்ஸுக்குத்தான் 1946இல் அண்ணல் அம்பேத்கர் கடிதம் எழுதினார். கறுப்பின மக்கள் ஐ.நா. அவைக்கு அளித்த மனுவின் பிரதியைக் கேட்டார். புலம்பலைப் பகிர்ந்துகொள்ள எழுதிய கடிதம் அல்ல அது. ஆவணத்தைக் கேட்டு எழுதியது.

ஆகவே தோழர்களே, உங்கள் ஊரில் பேய் உலவுவதாகச் சொல்லப்படும் கிணற்றையும் புளியமரத்தையும் மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட்டுப் போகாதீர்கள். பாட்டியிடம் உட்கார்ந்து கேளுங்கள்: செத்தது யார்? அந்த நிலம் அன்று யார் கையில் இருந்தது, இன்று யார் பேரில் இருக்கிறது? அந்தப் பதிலை எழுதுங்கள். எழுதியதை எடுத்துக்கொண்டு வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போங்கள். நம் முன்னோருக்குச் செய்யும் நினைவேந்தல் அங்கேதான் தொடங்குகிறது.