செம்பருத்தியில் ஒரு கூட்டணி

பங்குனி வந்தாச்சு. வாசல் முழுக்க வேப்பம்பூ. பெருக்குறவங்களுக்கு எரிச்சல்தான், ஆனா காயவச்சு எடுத்தா வருஷம் பூரா ரசத்துக்கு ஆகும்.

இதே சமயத்துல மாடியில செம்பருத்தியும் மொட்டு விடும். கூடவே கணுவெல்லாம் வெள்ளையா மாவுப்பூச்சி! அது சாற்றை உறிஞ்சி, இனிப்பான கழிவை விடும். அதுக்கு ஆசைப்பட்டு வர்ற எறும்பு, மாவுப்பூச்சியைத் தின்ன வர்ற பொறிவண்டை விரட்டிடும். அதனால எறும்பையும் தடுக்கணும்.

முதல்ல தண்ணியைப் பீய்ச்சி அடிங்க. அப்புறம் ஒரு லிட்டர் தண்ணியில 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து, சாயங்காலமா இலைக்கு அடியிலயும் தெளிங்க.

பூ பூக்கும். விடியக்காலையில பக்கத்து வீட்டுப் பாட்டி பூஜைக்குப் பறிச்சிட்டுப் போயிடுவாங்க. அதுக்கு மட்டும் மருந்து கிடையாது!