மூப்பும் பொறுப்பும்



பெங்களூரிலிருந்து மைசூர் செல்லும் சாலையில் பிடதி என்னும் ஊர் இருக்கிறது. டொயோட்டா கிர்லோஸ்கர் ஸ்தாபனம் 1999-ஆம் ஆண்டின் இறுதியில் அங்கே கார் உற்பத்தியைத் தொடங்கியது. பிழைப்பை நாடி இப்பக்கம் வந்த நம்மவர்க்கு இத்தகைய ஜப்பானியத் தொழிற்சாலைகளோடு தொடர்பு நேருகிறது. அப்போது அவர்கள் முதலில் வியப்பது, ஜப்பானியர் மூத்தோருக்குக் காட்டும் மரியாதையைத்தான்.

அம்மரியாதை வயதை மட்டும் பொறுத்ததன்று. ஓராண்டு முன்னதாக வேலையில் சேர்ந்தவர் 'சென்பாய்'. பின்னால் வந்தவர் 'கோஹாய்'. நமக்கு நீ, நீர், நீங்கள் என்ற படிகள் இருப்பதுபோல், அவர்கள் மொழியில் வினைச்சொற்களே ஆளுக்கேற்ப மாறும். கூட்ட அறையில் வாயிலுக்குத் தொலைவான இருக்கை பெரியவருக்கு உரியது. போருக்குப் பிந்திய ஜப்பானின் பெரிய ஸ்தாபனங்களில் ஊதியமும் பதவியும் சேவைக் காலத்தை ஒட்டியே உயர்ந்தன. 'நென்கோ' எனப்படும் அம்முறை 1990-களுக்குப் பின் தளர்ந்தது, ஆனால் மறையவில்லை.

இந்தியாவிலும் ஆய்வு நடத்திய நகானே சியே என்ற ஜப்பானிய மானிடவியல் அறிஞர், 1967-இல் வெளியிட்ட நூலில் ஒரு வேற்றுமையை எடுத்துக் காட்டினார். இந்தியாவில் ஒருவரை இன்னாரென்று காட்டுவது பிறந்த சாதி. ஜப்பானில் சேர்ந்த ஸ்தாபனம். இது நம் சிந்தனைக்குரியது. பிறப்பினால் கற்பிக்கப்படும் உயர்வை மற்றவன் எட்டவே இயலாது. சேவையினால் வரும் மூப்பையோ இன்றைய இளையவன் நாளை அடைவான்.

அந்த மூப்புக்குக் கடமையும் உண்டு. சென்பாய் தொழிலைக் கற்றுத் தரவேண்டும். டொயோட்டா முறையில், பழுது கண்ட எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து உதவி கோரலாம். குழுத் தலைவர் உடனே வந்து பார்க்கவேண்டும். குறை தீராவிடில் உற்பத்தி வரிசையே நின்றுவிடும்.

இவ்வொழுங்குக்கு நிழலும் இல்லாமல் இல்லை. மேலதிகாரி எழும் வரை இருக்கையை விட்டு எழத் தயங்கும் வழக்கம் ஜப்பானிய அலுவலகங்களில் நெடுநாள் நிலவியது. மிகை உழைப்பினால் நேரும் மரணத்துக்கு அவர்கள் 'கரோஷி' என்றே பெயரிட்டனர். அதைத் தடுக்க 2014-இல் சட்டமும் செய்தனர். பிடதியிலும் 2006-இலும் 2020-இலும் தொழிலாளர் தகராறு முற்றிக் கதவடைப்பு நேர்ந்தது. காரணம் பற்றி இரு தரப்பாரும் வேறுவேறு கூறினர். எனினும், கீழே இருப்பவர் குரல் மேலே சென்று சேரவேண்டியதன் அவசியத்தை அது உணர்த்தியது.

வெளி மாநிலத்தில் வாழும் நாமும் தொழிற்கூடத்தில் மூத்தவரை 'அண்ணே' என்று அழைக்கிறோம். புதிதாய் வந்த தம்பிக்கு வேலையையும், ஊரையும், நாலு வார்த்தை கன்னடத்தையும் கற்றுத் தந்து, அவன் குறை சொன்னால் செவி சாய்ப்பவரே அவ்வழைப்புக்கு உரியவர்.