கடித உறையில் ஒரு புதிய வரி

(நூற்றாண்டு விழாவையொட்டி எமது சங்கம் நடத்திய சொற்பொழிவுத் தொடரில், அவுஸ்திரேலியாவில் வசிக்கும் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மண்டபத்தில் நான் கடைசியாகப் பேசியது ஒரு பேச்சுப் போட்டியில். மணி அடித்த பின்னும் நிறுத்தாமல் பேசிப் புள்ளிகளை இழந்தேன். இன்று செயலாளர் எனக்கு 20 நிமிடம் தந்திருக்கிறார். "நீங்கள் இருக்கிற நாட்டைப் பற்றி ஏதாவது சொல்லுங்கோ" என்றார். அந்த நாட்டின் ஊர்ப் பெயர்களைப் பற்றிச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

காரணம் ஒரு பார்சல். ஊருக்குப் புத்தகங்கள் அனுப்புவதற்காக மெல்பேர்ணில் தபாலகத்தில் வாங்கிய பொதி உறையில் என் பேத்தி அனுப்புநர் முகவரியை எழுதிக்கொண்டிருந்தாள். பெயருக்குக் கீழே, வீதிக்கு மேலே, பாரம்பரிய இடப்பெயருக்கென்று ஒரு வரி இருந்தது. "அம்மம்மா, எங்கட இடத்துக்கு என்ன பேர் எழுதுறது?" என்று கேட்டாள். நான் அந்த நாட்டில் வாழத் தொடங்கிப் பல பத்து ஆண்டுகள். எனக்குப் பதில் தெரியவில்லை. நம்மவர் இருவர் சந்தித்தால் முதலில் கேட்பது "எந்த ஊர்?" என்றுதான். அப்படிக் கேட்டு வளர்ந்த எனக்கு, நான் இருக்கும் ஊரின் பெயர் தெரியாது.

அந்த வரி வந்த கதையை முதலில் சொல்கிறேன். கொமரோய் இனத்தைச் சேர்ந்த ரேச்சல் மக்பெயில் என்ற பெண்மணி, தபால் முகவரிகளில் பூர்வீகக் குடிகளின் இடப்பெயரும் இடம்பெற வேண்டும் என்று 2020 இல் ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். அதே ஆண்டில் தபால் சேவை அதை ஏற்றுக்கொண்டு, முகவரியில் எந்த இடத்தில் அப்பெயரை எழுதுவது என்று வழிகாட்டியது. 2021 இல் பொதி உறைகளில் அதற்கென ஒரு வரியே அச்சாகியது. முதலில் ஆளின் பெயர், அடுத்து அந்த மண்ணின் பெயர், அதற்குப் பிறகுதான் வீதியும் இலக்கமும்.

இப்போது நாம் எல்லோரும் அறிந்த பெரிய நகரங்களைப் பாருங்கள். சிட்னி என்பது 1788 இல் குடியேற்றம் தொடங்கியபோது இங்கிலாந்தில் அமைச்சராக இருந்த ஒரு பிரபுவின் பெயர். மெல்பேர்ண் 1837 இல் பிரித்தானியப் பிரதமராக இருந்தவரின் பெயர். அடிலெய்ட் நான்காம் வில்லியம் மன்னரின் மனைவி. ஹோபார்ட்டும் ஓர் அமைச்சர். பேர்த் ஸ்கொட்லாந்திலுள்ள ஓர் ஊர். சிட்னி பிரபுவோ மெல்பேர்ண் பிரபுவோ அடிலெய்ட் மகாராணியோ அந்த மண்ணில் கால் வைத்தவர்கள் அல்லர்.

தலைநகரங்களில் கன்பரா மட்டும் வேறு. 1913 மார்ச் 12 ஆம் திகதி, ஆளுநர் நாயகத்தின் மனைவி டென்மன் சீமாட்டி மேடையேறி அப்பெயரை அறிவித்தார். அது அந்த இடத்தின் பூர்வீகப் பெயரிலிருந்து வந்தது. சிறிய ஊர்களிலோ இப்படி எத்தனையோ உண்டு. பரமாட்டா, வூலொங்கொங், ஜீலோங், டண்டினோங், நம்மவர் நிறைய வாழும் டூங்காபி எல்லாம் பூர்வீகச் சொற்கள்தாம். 1828 இல் நியூ சவுத் வேல்ஸின் நில அளவையாளர் நாயகமாகப் பொறுப்பேற்ற தோமஸ் மிச்செல், உள்ளூர்ப் பெயர்களைக் கேட்டு வரைபடத்தில் எழுதும்படி தம் அலுவலர்களைப் பணித்தார். பின்னால் வருபவர்கள் அப்பெயரைச் சொல்லி அங்குள்ள மக்களிடமே வழி கேட்கலாம் என்பது அவருடைய கணக்கு. வழி கேட்டு வந்தவர்கள் காணிகளை எடுத்துக்கொண்டார்கள். பெயர்கள் தங்கின, பெயர் சொன்ன மக்கள் விரட்டப்பட்டார்கள்.

அவசரமாகக் கேட்டால் பெயரும் பிழைத்துப் போகும். மெல்பேர்ணின் நடுவே ஓடும் ஆற்றை உலகம் யாரா என்கிறது. 1835 இல் ஒரு நில அளவையாளர், நீர் விழுந்து பாய்வதைக் குறித்து அங்குள்ளவர்கள் சொன்ன சொல்லை ஆற்றின் பெயர் என்று எண்ணி எழுதிக்கொண்டார். ஆற்றின் பெயர் பிர்ரருங். 2017 இல் விக்டோரியா மாநிலம் அந்த ஆற்றைக் காக்க இயற்றிய சட்டத்தின் தலைப்பில் பிர்ரருங் என்ற பெயர் ஏறியது. பூர்வீக மொழியில் தலைப்புக் கொண்ட அம்மாநிலத்தின் முதல் சட்டம் அதுதான்.

நின்று நிதானமாகக் கேட்ட ஒருவரும் இருந்தார். 1790, 1791 ஆம் ஆண்டுகளில் சிட்னியில் வில்லியம் டோஸ் என்ற இளம் கடற்படை அதிகாரிக்குப் பட்டியகரங் என்ற பெண் தன் மொழியைக் கற்பித்தாள். அவளுக்கு அப்போது 15 வயதளவில் இருக்கும் என்கிறார்கள். இங்கே முன்வரிசையில் இருக்கும் பிள்ளைகளின் வயது. தனிச் சொற்களோடு நில்லாமல், அவளும் அவரும் பேசிய முழு வசனங்களையே டோஸ் குறிப்பேடுகளில் எழுதிவைத்தார். அக்குறிப்பேடுகள் இலண்டனில் ஒரு கல்லூரி நூலகத்தில் யாரும் கவனியாமல் கிடந்து, 1972 இல் கண்டெடுக்கப்பட்டன. சிட்னி மொழியை இன்று மீட்டுக் கற்பவர்களுக்கு அவைதான் பெரும் ஆதாரம். அந்த ஆசிரியைக்குப் பாடசாலையும் இல்லை, சம்பளமும் இல்லை.

சிட்னியின் பூர்வீகப் பெயர் என்ன என்று கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் வர்ரான் என்று பதில் வரும். ஆனால் வர்ரான் என்பது முதற் கப்பல்கள் நங்கூரமிட்ட சிறு குடாவின் பெயர். அந்தக் குடாவும் நகர மையமும் கடிகல் மக்களின் நிலம். பரமாட்டா இன்னொரு குடியின் நிலம். பிரிஸ்பேனுக்குச் சொல்லப்படும் மீஞ்சின் என்ற பெயரும் ஆற்று வளைவில் நீண்டு நிற்கும் ஒரு முனைக்கு உரியது. ஐம்பது இலட்சம் பேர் வாழும் நகரம் அன்று இருக்கவில்லை, ஆகவே அதற்கு ஒரே பெயரும் இருக்கவில்லை. குடாவுக்கு ஒரு பெயர், முனைக்கு ஒரு பெயர், ஊற்றுக்கு ஒரு பெயர்.

இது நமக்கு விளங்கும். நமது காணி உறுதிகளை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஒரு பெயர் இருக்கும். குளத்துக்குப் பெயர், குறிச்சிக்குப் பெயர், ஒழுங்கைக்குப் பெயர். பெயர் நெருக்கமாக இருக்கும் இடத்தில் மக்கள் நெடுங்காலம் வாழ்ந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒருவன் வந்து எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பெயரைச் சூட்டினால் அந்த நெருக்கம் முழுவதும் ஒரே நாளில் மறைந்துவிடும். அதன் வலியை இந்த மண்டபத்தில் நான் விளக்கத் தேவையில்லை.

அடிலெய்ட் நகரின் கதையில் ஒரு பாடசாலை வருகிறது. 1838 இல் டெய்கல்மன், ஷூர்மன் என்ற இரு ஜெர்மன் மிஷனரிமார் அங்கு வந்தார்கள். அவர்களை அனுப்பிய டிரெஸ்டன் மிஷன் சங்கமே 1840 இல் தரங்கம்பாடித் தமிழரிடம் கோர்டஸ் என்பவரை அனுப்பியது. இருவரும் அங்குள்ள கார்ணா மக்களின் மொழியைக் கற்று, அம்மொழியிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார்கள். 1840 இல் ஏறத்தாழ 2000 சொற்கள் கொண்ட இலக்கண அகராதி ஒன்றை வெளியிட்டார்கள். 1845 இல் அந்தப் பாடசாலை மூடப்பட்டது. பிள்ளைகள் ஆங்கிலத்தில் மட்டும் கற்பிக்கும் பாடசாலைக்கு மாற்றப்பட்டார்கள். காலப்போக்கில் கார்ணா மொழியில் உரையாடுவோர் இல்லாமற் போயினர். 1990 அளவில் அம்மக்களின் வழித்தோன்றல்கள் அந்தப் பழைய புத்தகத்தைத் திறந்து மொழியை மீண்டும் கற்கத் தொடங்கினார்கள். இன்று அதில் பேசுகிறார்கள், பாடுகிறார்கள், கற்பிக்கிறார்கள். நகரின் நடுச் சதுக்கத்துக்கு 2002 இல் விக்டோரியா மகாராணியின் பெயரோடு டண்டஞங்கா என்ற பெயரும் சேர்ந்தது. டண்ட என்றால் செங்கங்காரு. அடிலெய்ட் நகருக்கு டண்டஞா என்று பெயர்.

இந்தச் சொல்லை ஆங்கிலேயர் எழுதப் பட்ட பாடு பெரிது. ஒருவர் டகரத்துக்கு ஓர் எழுத்தைப் போட்டார், இன்னொருவர் வேறோர் எழுத்தைப் போட்டார். அவுஸ்திரேலிய மொழிகளிற் பெரும்பாலானவற்றில், தமிழைப் போலவே, வல்லினத்தில் அழுத்தி ஒலிப்பதும் மென்மையாக ஒலிப்பதும் வேறு எழுத்துகள் அல்ல. நமது ந, ன, ண போலப் பல நகரங்களும், ல, ள போலப் பல லகரங்களும் உண்டு. ஆங்கில நாவுக்குச் சிரமமான பெயர்கள் நம் நாவுக்கு இலகு.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. இந்த ஒற்றுமையைப் பார்த்துவிட்டு "அவர்களும் தமிழர்தான்" என்று சொல்லும் ஆர்வம் நம்மவரிடம் உண்டு. கால்டுவெல் 1856 இல் எழுதிய ஒப்பிலக்கணத்திலேயே சில ஒப்புமைகளைச் சுட்டினார். ஆனால் மொழியியலாளர் இவ்விரு மொழிக் குடும்பங்களுக்கும் உறவு உண்டு என்று ஏற்பதில்லை. எனக்கும் இந்தச் சபலம் வந்தது. மெல்பேர்ணின் பூர்வீகப் பெயர் நார்ம். அவர்கள் சொல்லும்போது நடுவில் உள்ள ரகரம் காதில் விழாது, நாம் என்றே கேட்கும். முதன்முறை கேட்டபோது மனம் துள்ளியது. பிறகு வெட்கமாக இருந்தது. அந்தப் பெயரை ஏற்கெனவே ஒரு தடவை பறித்தாயிற்று. அதை நம்முடையது என்று சொந்தம் கொண்டாடி நாமும் இன்னொரு தடவை பறிக்கலாமா?

"பெயரை மாற்றினால் குழப்பம் வராதா?" என்று பலர் கேட்பார்கள். நடு அவுஸ்திரேலியாவிலுள்ள பெரும் பாறைக்கு 1873 இல் எயர்ஸ் என்ற அரசியல்வாதியின் பெயரை வைத்தார்கள். 1993 இல் உலுரு என்ற பழைய பெயர் அதன் பின்னால் சேர்ந்தது. 2002 இல் உலுரு முன்னுக்கு வந்தது. இன்று பிள்ளைகளுக்கு எயர்ஸ் யார் என்றே தெரியாது. மெல்பேர்ணின் வடபகுதியில் ஒரு மாநகரசபை இருக்கிறது. அதன் பழைய பெயரான மோர்லண்ட், ஜமெய்க்காவில் அடிமைகளைக் கொண்டு நடத்தப்பட்ட ஒரு தோட்டத்தின் பெயர். அது தெரியவந்ததும், சபை அம்மண்ணுக்குரிய உருண்ட்ஜெரி மக்களிடம் பெயர் கேட்டது. அவர்கள் மூன்று பெயர்களைத் தந்தார்கள். 2022 இல் அது மெர்ரி-பெக் ஆயிற்று. கல் நிறைந்த நாடு என்று பொருள். குப்பை வண்டியிலும் வரி அறிவித்தலிலும் பெயரை மாற்றச் சில காலம் எடுத்தது. வேறு இடர் எதுவும் நேரவில்லை.

ஆயினும் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 2023 ஜூனில் குயின்ஸ்லாந்தின் பிரேசர் தீவுக்கு அதன் புச்சுல்லா மக்களின் பெயரான கரி சட்டப்படி திரும்பி வந்தது. அதே ஆண்டு ஒக்ரோபர் 14 இல், பூர்வீகக் குடிகளின் குரலுக்கு அரசியலமைப்பில் ஓர் இடம் கொடுப்பதா என்று நாடு வாக்களித்தது. பத்தில் ஆறு பேர் வேண்டாம் என்றார்கள். பெயர்ப் பலகையை மாற்றுவது, அந்தப் பெயருக்குரியவர்கள் சொல்வதைக் கேட்பதை விட இலகு என்பதை அன்று கண்டேன். பெயர் திரும்பியதால் கடமை முடிந்துவிட்டது என்று நாம் எண்ணக்கூடாது.

பேத்தியின் கேள்விக்கு வருகிறேன். மெல்பேர்ண் முழுவதும் ஒரே மக்களின் நிலம் அல்ல. நகரின் வடபகுதி உருண்ட்ஜெரி மக்களுக்கும் தென்பகுதி புனுரோங் மக்களுக்கும் உரியது என்று 2021 இல் எல்லை வகுக்கப்பட்டது. நாங்கள் இருவரும் அந்த வரைபடத்தை வைத்துக்கொண்டு எங்கள் வீதியைத் தேடினோம். நாம் இருப்பது புனுரோங் நாடு. நான் வெள்ளிக்கிழமைகளில் போகும் கரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு ஆலயமும் அந்த நாட்டில்தான். சங்கற்பத்தில் நாம் எங்கே நின்று வழிபடுகிறோம் என்று இடத்தைச் சொன்ன பிறகுதான் ஐயர் பூசையைத் தொடங்குவார். அவுஸ்திரேலியாவில் பாடசாலைக் கூட்டங்களும் இது யாருடைய நிலம் என்று சொல்லித்தான் தொடங்குகின்றன. எத்தனையோ கூட்டங்களில் அதை வெறும் சடங்கென்று எண்ணிக் கைக்கடிகாரத்தைப் பார்த்திருக்கிறேன். இப்போது கவனித்துக் கேட்கிறேன்.

பேத்தி அந்த வரியில் ஆங்கிலத்தில் எழுதினாள். பக்கத்தில் தமிழிலும் புனுரோங் என்று எழுதிப் பார்த்தாள். அந்தப் பொதியில் வந்த புத்தகங்கள் இப்போது நமது பாடசாலை நூலகத்தில் இருக்கின்றன.

மாணவச் செல்வங்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் அம்மம்மாவிடமோ அப்பம்மாவிடமோ கேளுங்கள். நாம் இருக்கும் காணிக்கு உறுதியில் என்ன பெயர்? அந்த ஒழுங்கைக்கு முன்பு என்ன பெயர்? தூர்ந்துபோன குளத்துக்கு என்ன பெயர்? சொல்லும்போது இடைமறியாதீர்கள். ஒரு அப்பியாசக் கொப்பியில் அவர்கள் சொன்னபடியே எழுதி, திகதியும் போட்டு வையுங்கள். பட்டியகரங் சொன்னதை ஒருவர் எழுதி வைத்ததால்தான் 200 ஆண்டுகளுக்குப் பிறகு அவளுடைய மக்களுக்கு அது கிடைத்தது.

மணி அடிப்பதற்குள் முடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.