கீழாநெல்லியும் இணையத்து ஆய்வுரைகளும்
(புழலில் ஆற்றிய உரை)



புழல், பழந்தொண்டை நாட்டின் இருபத்துநான்கு கோட்டங்களுள் ஒன்றற்குப் பெயர் தந்த ஊர். மழை பெய்தால் இங்குள்ள ஏரிக்கரையிலும் வேலியோரத்திலும் கீழாநெல்லி தானே முளைத்துக் கிடக்கும். இலைக்காம்பின் கீழே வரிசையாய்த் தொங்கும் சிறுகாய்களைக் கண்டு தமிழ்மக்கள் இட்ட பெயர் அது. கண் மஞ்சளித்து வருவோர்க்கு அதனை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தல் வழிவழி வந்த தமிழ் மருத்துவம்.

இன்று சித்த மருத்துவர் கையிலும் கைப்பேசி இருக்கின்றது. தாம் கொடுக்கும் மூலிகையைப்பற்றி உலகம் என்ன ஆய்ந்துள்ளது என்று அவர் தேடுகின்றார். அமெரிக்க நாட்டு மருத்துவ நூலகம் 'பப்மெடு' என்னும் பெயரில் 1996 முதல் நடத்திவரும் இணையக் குறிப்பகம் எவர்க்கும் விலையின்றித் திறந்தே உள்ளது. ஆயின் அங்கே தமிழெழுத்தில் 'கீழாநெல்லி' என்று தேடிப் பயனில்லை. இலத்தீனப் பெயரை அறிதல் வேண்டும். அதுவும் ஒன்றன்று, இரண்டு. 1987-இல் வெளிவந்த ஆய்வுரை அச்செடியைப் 'பில்லாந்தசு நிரூரி' என்றது. 1988-இல் வந்தது 'பில்லாந்தசு அமாரசு' என்றது. ஒரு பெயரையே அறிந்தவர் பாதியையே காண்பார்.

அந்த 1988-ஆம் ஆண்டு ஆய்வு சென்னையில் நடந்தது. சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் தியாகராசனும், ஈரலழற்சி 'பி' நச்சுயிரியைக் கண்டறிந்து 1976-இல் நோபெல் பரிசு பெற்ற அமெரிக்க அறிஞர் புளூம்பெர்க்கும் பிறரும் சேர்ந்து செய்தது. நச்சுயிரியை நெடுங்காலமாகக் குருதியிற் சுமந்திருந்தோர்க்கு முப்பது நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்தனர். உண்ட 37 பேருள் 22 பேர் குருதியில் அந்நச்சுயிரியின் அடையாளம் மறைந்தது. மருந்தற்ற போலிப்பொடி உண்ட 23 பேருள் ஒருவர்க்கே மறைந்தது. இலண்டன் நகரத்து 'இலான்செட்டு' இதழ் இதனை வெளியிட்டது. தமிழ்நாட்டு வேலியோரச் செடி உலக மருத்துவர் கண்முன் நின்ற நாள் அது! தமிழன் நெஞ்சு நிமிர்வதில் வியப்பில்லை.

பலர் தேடலை அங்கேயே நிறுத்திவிடுகின்றனர். அந்த எண்களை மட்டும் பெயர்ப்பலகையிலும் துண்டறிக்கையிலும் ஏற்றிவிடுகின்றனர். இன்னும் ஒரு பக்கம் புரட்டியிருந்தால், 1990-இல் அதே இதழில் தாய்லாந்து ஆய்வர் எழுதியதைக் கண்டிருப்பர். அவர்கள் கொடுத்த கீழாநெல்லி, நச்சுயிரி அடையாளத்தை அகற்றத் தவறியது. செடி விளைந்த நிலமும் பறித்த பருவமும் வேறாதலே கரணியமாகலாம் என்று கருதினோர் உளர். 2011-இல் பல ஆய்வுகளைத் தொகுத்து எடைபோட்ட காக்கிரேன் குழுவினர், போலிமருந்தைவிட இது மிகுபயன் தரும் என்பதற்கு உறுதியான சான்றில்லை என்றனர்.

இதனைச் சொல்வது சித்த மருத்துவத்தை இழித்தலாகாது. மாசுற்ற நீரால் வரும் காமாலை பெரும்பாலும் சில கிழமைகளில் தானே தணியக்கூடியது. தணிந்தபின் புகழ் மட்டும் மூலிகைக்குப் போய்விடுகின்றது. பித்தக்குழாயைக் கல் அடைத்தாலும் கண் மஞ்சளிக்கும். அங்கே அரைத்த செடியை நம்பிக் காத்திருந்தால் உயிர்க்கே கேடு. மணலியிலும் எண்ணூரிலும் ஆலைக்கு நாட்கூலியாய்ச் செல்லும் தொழிலாளி, நகரத்துப் பெருமருத்துவமனைக்குப் போகுமுன் அண்டை மருத்துவரிடமே முதலில் வருகின்றான். அவன் நம்பி வருவது தமிழை. அந்நம்பிக்கைக்கு அரைகுறைப் படிப்பால் இரண்டகம் செய்தல் எவ்வகைத் தமிழ்ப்பற்று?

குற்றம் முழுதும் மருத்துவருடையதும் அன்று. ஆய்வுரையின் சுருக்கம் ஆங்கிலத்தில். முழுவுரை பலவிடத்தும் பணங்கட்டினால்தான் திறக்கும். சுருக்கத்தை மட்டும் படிப்பவர்க்கு, ஆய்வு கண்ணாடிக் குழாயில் நடந்ததா, விலங்கில் நடந்ததா, மாந்தரில் நடந்ததா என்பதே சிலபோது விளங்குவதில்லை.

மருத்துவ அறிவியலைத் தமிழிற் சொல்லவியலாது என்பார் யாழ்ப்பாணத்து மானிப்பாயைப் பார்க்கட்டும். 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், அங்கு மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். நாலாயிரம் பக்கங்களுக்கு மேல் தமிழில் மருத்துவ நூல்கள் எழுவதற்குக் கரணியமாய் இருந்தார். அயலான் செய்தது அது. இந்திய நடுவணரசோ, பிறநாட்டார் பழமருத்துவத்துக்குக் காப்புரிமை பெறாவண்ணம் தடுக்க 2001-இல் ஒரு மின்னூலகம் தொடங்கியது. சித்த மருத்துவத் தமிழ்நூற் செய்திகளும் அதில் ஏறின. அவை ஆங்கிலம், பிரெஞ்சு, செருமானியம், இசுப்பானியம், சப்பானியம் ஆகிய ஐந்து மொழிகளில் தரப்பட்டன. தமிழ்ச் சுவடியினின்று எடுத்த அறிவு சப்பானியர்க்கு விளங்குகின்றது. சுவடிக்குரிய மொழி அவ்வைந்தனுள் இல்லை!

தாம்பரம் சானடோரியத்தில் 2005 முதல் இயங்கும் தேசியச் சித்த மருத்துவ நிறுவனமும் தமிழ்நாட்டரசும் ஒவ்வொரு மூலிகைக்கும் நடந்த மாந்தர் ஆய்வுகளை, வென்றதும் தோற்றதும் ஒருங்கே, ஒரு பக்கத் தமிழுரையாக இணையத்தில் இடுதல் வேண்டும். செடியின் தமிழ்ப்பெயர் முதலிலும், அதன் இலத்தீனப் பெயர்கள் அனைத்தும் அடுத்தும், எத்தனை பேர்க்கு எத்தனை நாள் கொடுத்தனர் என்பது மூன்றாவதும் நிற்கட்டும். கீழாநெல்லியினின்றே தொடங்கலாம், 1988-ஐயும் 1990-ஐயும் ஒரே பக்கத்தில் அச்சிடலாம்.